பிள்ளை தனக்குள் சொல்லும் சொல்



“எனக்குக் கணக்கு வராது” என்று நம் ஏலாக்குறிச்சிப் பிள்ளையொருவன் சொன்னால், அது அவன் சொல் அன்று. பிறர் அவன் காதில் போட்ட சொல். ஆசிரியராகிய நாமும் “உனக்கு எங்கே வரப்போகிறது” என்று சினந்ததுண்டு. இன்று அதற்கு நாணுகிறோம்.

கோயம்புத்தூரில் பயின்ற காலத்தில், சாதி தெரிந்துவிடுமோ என்றஞ்சி உடன்பயின்றோருடன் பழகாது ஒதுங்கியவர் இரட்டைமலை சீனிவாசன். அவரே 1893இல், பிறர் இழிவாகக் கூறிய ‘பறையன்’ என்னும் பெயரைத் தம் இதழுக்குச் சூட்டினார். ஒளித்ததையே உரக்கச் சொன்ன அத்துணிவு நம் பிள்ளைகட்கும் வேண்டும்.

வெறும் புகழ்ச்சி உதவாது. “நான் மேதை” என்று சொல்லவைத்தால் பிள்ளை நம்பமாட்டான். பிள்ளைகள் நம்மினும் கூரியர். “நேற்று வராத வகுத்தல் இன்று வந்தது” என்று மாலைதோறும் அவன் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். வராத நாளில், “இன்னும் வரவில்லை” என்று சொல்லட்டும். எழுத்தறியாத தாயும் அருகமர்ந்து இதனைக் கேட்கலாம்.