சிலேற்றுக்கல் மேசை

(எமது சங்கத்தின் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு முன் பேசியவர்கள் மொழியைப் பற்றியும் பிள்ளைகளின் கல்வியைப் பற்றியும் அழகாகப் பேசினார்கள். நான் ஏ.எல். மட்டும் படித்துவிட்டு, இங்கே சுவிசில் பலகைத் தொழிற்சாலை ஒன்றில் மெசினோடு நிற்கிறவன். எனக்குத் தெரிந்தது பலகைதான். ஆகவே மேசையைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

செற்றிக்கு முன்னால் வைக்கிற சின்ன மேசையைத்தான் சொல்லுகிறேன். ஊரிலே ரீப்போ என்போம். இங்கே சலோன்ரிஷ் என்பார்கள். எங்கள் வீடுகளில் அனேகமாக அது கண்ணாடி போட்டது, தங்க நிறக் கால் வைத்தது. அல்லது பளபளவென்று மினுங்குகிற வெள்ளைப் பலகை. பழைய மேசை வைத்திருக்கிற தமிழ் வீடுகளை ஒரு கை விரலிலே எண்ணிவிடலாம்.

இதற்குக் காரணம் இருக்கிறது. முகாமிலே எங்களுக்குத் தந்ததெல்லாம் மற்றவன் பாவித்தது. கோட்டு, சப்பாத்து, கட்டில், சட்டி எல்லாமே. அதனால் கையிலே முதல் சம்பளம் வந்ததும் புதுச் சாமான் வாங்கவேணும் என்று மனம் துடிக்கும். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் புதுச் சாமான் என்ன என்று ஒருக்கால் பாருங்கள். மரச்சிம்பையும் தூளையும் பசை விட்டு அமத்தி, அதற்கு மேலே மரக்கோடு அச்சடித்த கடதாசியை ஒட்டினதுதான் அந்தப் பலகை. ஓரத்துக்குப் பட்டி ஒட்டுகிறது நான் நாளாந்தம் செய்கிற வேலை. மூலை உடைந்து தண்ணி உள்ளே போனால் ஊதும். ஊதினது பிறகு வற்றாது.

இன்னொரு காரணத்தை வயது போனவர்கள் சத்தமில்லாமல் சொல்லுவினம். "தம்பி, அது செத்தவீட்டுச் சாமானாய் இருக்கும். நடுவீட்டில வைக்கலாமோ?" என்று. உண்மைதான். இங்கே வயோதிபர்கள் முதியோர் இல்லத்துக்குப் போகும்போதும் இறந்த பிறகும் பிள்ளைகள் வீட்டை ஒழிப்பார்கள். சாமான்கள் புறொக்கன்ஹவுஸ் கடைக்கு வரும். ஆனால் ஐயா, அம்மா, எங்கள் ஊர் வீடுகளில் இருந்த பெட்டகம் யாருடையது? சாய்மனைக்கதிரை யாருடையது? பாட்டனும் பூட்டனும் பாவித்ததுதானே! 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு இரவோடு இரவாக வெளிக்கிட்ட சனம் பெட்டகத்தைத் தலையில் தூக்கிக்கொண்டா வந்தது? திரும்பிப் போனவர்களில் எத்தனையோ பேருக்குக் கதவு நிலைகூட மிஞ்சவில்லை. எங்கள் பிள்ளைகள் தொட்டுப்பார்க்க எங்கள் பழைய சாமான் ஒன்றும் இல்லை. இன்னொருவரின் பழைய சாமானையாவது மரியாதையோடு வைத்திருப்போம் என்கிறேன். மனம் கேட்காவிட்டால் மஞ்சள் தண்ணி தெளித்து எடுங்கள்.

புறொக்கன்ஹவுஸ் ஏழைகளுக்கு மட்டும் உரிய இடமென்றும் நினைக்க வேண்டாம். புறொக்கன் என்றால் துண்டு துணிக்கை. மிச்சத் துண்டுகள் ஒன்றும் வீணாகாமல் சேர்த்து வையுங்கள் என்ற பைபிள் வாசகத்திலிருந்து வந்த பெயர். சூரிச் புறொக்கன்ஹவுஸ் 1904இல் தொடங்கியது. அங்கே மாணவரும் வருவார்கள், டொக்டரும் வருவார்.

இந்தக் கடைகளில் நான் தேடச் சொல்லுகிற மேசை ஒன்று உண்டு. சுற்றிவர மரச்சட்டம், நடுவிலே கறுப்புக் கல். ஷீபர்ரிஷ் என்பார்கள். ஷீபர் என்றால் வேறொன்றுமில்லை, எங்கள் தாத்தா பாட்டி அரிவரி எழுதின அதே சிலேற்றுக்கல். கிளாறுஸ் மாநிலத்தில் எங்கி, எல்ம் என்ற மலைக் கிராமங்களில் இந்தக் கல்லை வெட்டினார்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே கல் பதித்த மேசைகள் அங்கிருந்து வெளியூர்களுக்குப் போயின. எங்கியில் இருந்த சுரங்கம் 1961இல் மூடப்பட்டது. இப்போது உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். பிள்ளைகளோடு ஒரு ஞாயிறு போய் வரலாம்.

எல்மின் கதை சோகமானது. பள்ளிக்கூடங்கள் பெருக, 1874இன் அரசியலமைப்பு ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்க, சிலேற்றுக்குக் கிராக்கி கூடியது. கல்லை வெட்ட வெட்ட மலையின் அடி குடைந்துபோனது. 1881 செப்ரெம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மழைக்குப் பின் மலை சரிந்து ஊரின் மேல் விழுந்தது. நூற்றுப்பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எந்தப் பிள்ளையோ ஆனா ஆவன்னா எழுதுவதற்காக வெட்டின கல்! இதை அறிந்த பிறகு அந்த மேசையில் காலைத் தூக்கிப் போட எனக்கு மனம் வருவதில்லை.

இனி எப்படித் தெரிவது என்று பார்ப்போம். சாப்பாட்டு மேசை உயரத்தில் இருப்பவைதான் பழையவை. செற்றிக்கு முன்னால் வைக்கிற பதிந்த மேசைகள் அனேகமாக 1970, 80களில் செய்தவை. சில, பழைய மேசையின் காலை அறுத்துப் பதித்தவை. காலின் அடியில் புது அறுவை தெரிந்தால் அதுதான். அதை மிகப் பழையது என்று விலை சொன்னால் கொடுக்காதீர்கள். 1961க்குப் பிறகு செய்ததில் கல் வேறு இடத்தினதாயும் இருக்கலாம். பாவனைக்கு அது குறையில்லை.

கல்லை விரல்மொழியால் தட்டுங்கள். சந்தையில் மண்சட்டி வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதேபோலத்தான். நல்ல கல் கிண்ணென்று பேசும். வெடித்தது மொத்தையாய்ச் சத்தம் போடும். உள்ளங்கையை வைத்தால் குளிர வேணும். குளிராமல் இருந்தால் கல்லுப்போல அச்சடித்த பலகையாக இருக்கலாம். பிறகு குனிந்து அடியைப் பாருங்கள். கடைக்காரர் என்ன நினைப்பார் என்று வெட்கப்பட வேண்டாம். மேலே எல்லா மேசையும் அழகுதான், உண்மை அடியிலேதான் இருக்கும். லாச்சி இருந்தால் முழுவதும் வெளியே இழுத்து மூலையைப் பாருங்கள். பல்லுப் பல்லாய்க் கோர்த்திருந்தால் தச்சன் செய்தது. கம்பி அடித்துப் பிணைத்திருந்தால் அவசர வேலை.

மரம் வால்நட், செரி, ஓக் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். காலிலே குண்டூசித் தலையளவு ஓட்டைகள் கண்டால் அது உளு. ஓட்டை பழையதென்றால் பரவாயில்லை. கீழே வெளிறின மாத்தூள் கொட்டிக் கிடந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, விட்டுவிட்டு வாருங்கள். மற்றத் தளபாடத்துக்கும் பரவும்.

அளவை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். மேசை செற்றியின் இருக்கை உயரத்துக்குச் சரியாக, அல்லது இரண்டு மூன்று சென்ரிமீற்றர் பதிவாக இருக்க வேணும். நீளம் செற்றியின் மூன்றில் இரண்டு பங்கு போதும். இடையில் 40 சென்ரிமீற்றர் விட்டால் தேத்தண்ணித் தட்டோடு ஆள் போய்வரலாம். சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்கு எட்டு மூலை அல்லது வட்டச் சட்டம் நல்லது.

தூக்கும்போது கவனம். அறுபதுக்கு அறுபது, ஒரு சென்ரிமீற்றர் தடித்த கல்லே பத்துக் கிலோ வரும். கழற்றக்கூடியதென்றால் கல்லை முதலில் எடுத்து, கண்ணாடியைப்போல நிமிர்த்திப் பிடித்துக் கொண்டுபோங்கள். படுக்கவைத்துத் தூக்கினால் தன் பாரத்திலேயே உடையும்.

துப்புரவாக்கத் தண்ணியும் கொஞ்சச் சவர்க்காரமும் போதும். தேசிக்காய்ப்புளியும் வினாகிரியும் கல்லில் கறை வைக்கும். நரைத்த கல்லுக்கு ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாய்ப் பூசி, அரைமணித்தியாலத்தால் துடைத்துவிட்டால் கறுப்பு திரும்பி வரும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள்! தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணியில் நனைத்து, வெளியிலே விரித்துக் காயப் போடுங்கள். கீறல் எடுக்கச் சாண்ட்பேப்பர் போடுகிறவர்கள் கல்லை நனைத்து, முகமூடியும் கட்டுங்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாது.

மேலே என்ன வைப்பது? கூடிய மட்டும் ஒன்றும் வைக்காதீர்கள். லேஸ் சீலை விரித்து அதற்கு மேல் கண்ணாடி போட்டு, அதற்கு மேல் பிளாஸ்ரிக் பூ வைத்தால் கல் எங்கே தெரியப் போகிறது? கறுப்புக் கல்லுக்குப் பித்தளைதான் பொருத்தம். மினுக்கின செம்பு ஒன்றில் நாலு பூ, அல்லது வெற்றிலைத் தட்டம், ஒன்று போதும். செற்றியும் கறுப்பென்றால் அறை இருண்டுபோகும். மேசைக்குக் கீழே வெளிர் நிறப் பாய் விரியுங்கள். றிமோட் எல்லாம் லாச்சிக்குள்ளே போகட்டும். ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், மரச்சட்டம் காய்ந்து விரியும்.

இந்த நாட்டவர்கள் யாஸ் என்ற கடுதாசி விளையாட்டின் புள்ளியைச் சிலேற்றிலேதான் சோக்கட்டியால் எழுதுவார்கள். எங்கள் முந்நூற்றிநாலுக்கும் அது நல்ல வசதி. மேசையிலேயே எழுதி, ஈரத்துணியால் அழித்துவிடலாம். எங்கள் வீட்டுச் சின்னவள் இப்போது அதிலேதான் 'அ' எழுதுகிறாள். சுழி இன்னும் சரிவரவில்லை.