இரும்பைப் பயில வாயில்கள் பல



ஊரிலிருந்து உறவினர் டில்லிக்கு வந்தால், குதுப்மினாருக்கு அழைத்துச் சென்று அங்குள்ள இரும்புத் தூணைக் காட்டுவது நம்மவர் வழக்கம். ஏழு மீட்டருக்குச் சற்று மிகுந்த உயரமும், ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடைய அத்தூண் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. "இது ஏன் துருப்பிடித்து அழியவில்லை?" என்று உடன்வந்த சிறுவன் கேட்பான். "அந்தக் காலத்து இரகசியம்" என்று கூறி, அவன் கையைப் பற்றி நடந்துவிடுகிறோம்.

அது இரகசியமன்று. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்து 2009-இல் மறைந்த ஆர். பாலசுப்பிரமணியம் அவர்கள் அத்தூணைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து விடை கூறினார். அவ்விரும்பில் பாஸ்பரம் மிகுதியாகக் கலந்துள்ளது. அதன் துணையால் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டாகி, துரு உள்ளே பரவாமல் தடுக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. சிறுவன் கேட்ட அந்தக் கேள்வியே பொருளறிவியல் என்னும் துறையின் தொடக்கமாகும்.

இதனோடு இணைந்து நடப்பது பொறியியல் விசையியல். ஒரு பொருளின்மேல் விசை செயற்படும்போது அது நகருமா, வளையுமா, முறியுமா என்று கணிப்பது இத்துறை. உத்தரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கேள்வியைக் கலிலியோ 1638-இல் வெளிவந்த தம் நூலிலேயே ஆராய்ந்தார். கம்பியை ஒருமுறை வளைத்தால் முறிவதில்லை. திரும்பத் திரும்ப வளைத்தால் முறிந்துவிடுகிறது. இந்தச் சிறு உண்மையை முற்ற உணராமையால் நேர்ந்த துன்பம் பெரிது. 1954-இல் 'காமெட்' என்னும் பயணி விமானங்கள் இரண்டு, சில மாத இடைவெளியில், மத்தியதரைக் கடலில் வீழ்ந்தன. ஒவ்வொரு பயணத்திலும் உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்க, விமானத்தின் உலோக உடல் சோர்வுற்று விரிசல் கண்டது என்பதை, வேறொரு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துச் சோதித்து அறிந்தனர். இத்துறையில் கணக்குத் தவறினால், தவறுவது மதிப்பெண் மட்டுமன்று, மனித உயிர்.

இவற்றைக் கூறும் நாமோ கலைத்துறையில் பட்டம் பெற்று, மைய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவர். இத்துறை நம் வீட்டு வாயிலுக்கு வந்தது ஒரு பெண்ணின் கண்ணீரோடு. நம் குடியிருப்பிலேயே வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண் அவள். உலோகவியற் பட்டப்படிப்பில் சேர்ந்து, முதலாண்டில் விசையியல் தாளில் தோல்வியுற்றாள். "இரும்பைப் படித்து என்ன சார் பயன்? வேறு படிப்புக்கு மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன்" என்றார் அவள் தந்தை. சூத்திரங்கள் யாவும் அவளுக்கு மனப்பாடம். ஆயினும் சுவரில் சாய்ந்த ஏணி ஒன்றின்மேல் என்னென்ன விசைகள் செயற்படுகின்றன என்று வரைந்து காட்ட அவளால் இயலவில்லை.

மறுதேர்வு வரையேனும் பொறுத்திருக்குமாறு அவரை வேண்டினோம். மாலைதோறும் அவள் இலவச விரிவுரைகளைக் கணினியில் கேட்டாள். கேட்டதைத் தமிழில் நமக்கு விளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நமக்கு விளங்காத இடத்தில் அவளும் தடுமாறினாள். அப்பொழுதுதான் தனக்கும் அது விளங்கவில்லை என்பதைக் கண்டுகொண்டாள். ஸ்டிரெஸ், ஸ்டிரெயின் என்ற இரு சொற்களும் அவளைக் குழப்பின. தமிழில் அவற்றைத் தகைவு, திரிபு என்பர். தகைதல் என்றால் தடுத்து நிறுத்துதல். திரிதல் என்றால் மாறுதல். வெளிவிசையைத் தகைத்துப் பொருளுக்குள் எழும் எதிர்விசை, ஓரலகுப் பரப்பிற்கு இவ்வளவு என்பது தகைவு. அதனால் நீளம் எந்த விகிதத்தில் மாறிற்று என்பது திரிபு. "மாமா, சொல்லுக்குள்ளேயே பொருள் இருக்கிறதே!" என்றாள். மறுதேர்வில் தேறினாள். தந்தை இப்பொழுது படிப்பை மாற்றும் பேச்சை எடுப்பதில்லை.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலர், இத்தகைய கல்விக்கு வாயில் எங்கோ தொலைவில் இருப்பதாக எண்ணுகின்றனர். உண்மையில் அது நம்மவர் வாழும் நகரங்களிலேயே உள்ளது. பெங்களூரில் 1909-இல் தோன்றிய இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரும் அங்கு இளநிலை ஆய்வுப் பட்டத்தில் பொருளறிவியலைச் சிறப்புப் பாடமாகக் கொள்ளலாம். ஜாம்ஷெட்பூரில் தேசிய உலோகவியல் ஆய்வுக்கூடம் 1950 முதல் இயங்குகிறது. காசியில் உலோகவியல் 1923 முதல் கற்பிக்கப்படுகிறது. கரக்பூரில், விடுதலைப் போராட்ட வீரர்களை அடைத்து வைத்திருந்த ஹிஜ்லி முகாமின் கட்டடத்தில், 1951-இல் முதல் ஐ.ஐ.டி. தொடங்கிற்று. சிறைக்கூடம் கல்விக்கூடமான வரலாறு அது.

மேற்படிப்புக்குத் திறவுகோல் ஆண்டுதோறும் நடைபெறும் கேட் தேர்வு. பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டிலேயே இதனை எழுதலாம். பெற்ற மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும். இயந்திரப் பொறியியல், கட்டடப் பொறியியல், உலோகவியல் ஆகியவற்றோடு, திண்மப் பொருள் விசையியலையும் பொருளறிவியலையும் பிரிவுகளாகக் கொண்ட பொறியியல் அறிவியல் என்ற தாளும் உண்டு. ஆய்வுப் படிப்பு குடும்பத்துக்குப் பாரம் என்று அஞ்சுவோர் ஒன்றை அறிதல் வேண்டும்: மைய அரசு 2023-இல் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகையை மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்த்தியது. பட்டப்படிப்பின்போதே ஆய்வுக்கூடத்தை நேரில் அறிய விரும்புவோர்க்கு, நாட்டின் மூன்று அறிவியல் அகாதெமிகள் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டம் துணைபுரியும்.

வீட்டிலிருந்தே கற்பதற்கு, ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். விரிவுரைகள் உள்ளன. கேட்பதற்குக் கட்டணமில்லை, சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் சிறு கட்டணம் செலுத்தித் தேர்வெழுதுவர். பாடங்கள் பல தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டுள்ளன. கரக்பூர் ஐ.ஐ.டி. பேணிவரும் தேசிய மின்னணு நூலகமும் நூல்களைத் தேட உதவும். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின்வழி, அரசு உயர்கல்வி நிலையங்களில் பயிலுவோர்க்கு ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. சிறு நகரத்து அரசுக் கல்லூரி மாணவரும் பெருங்கழக மாணவர் படிக்கும் கட்டுரையையே படிக்கலாம்.

ஆயினும் வாயில் திறந்திருப்பது மட்டும் போதாது. உள்ளே செல்லும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு துணை வேண்டும். அத்துணைவர் பொறியியல் அறிந்தவராக இருத்தல் வேண்டும் என்பதில்லை. "இன்று என்ன படித்தாய்? எனக்கு விளங்கும்படி தமிழில் சொல்" என்று கேட்டு, பொறுமையாக அமர்ந்திருந்தால் போதும். அடுத்த முறை இரும்புத் தூணின் முன் நிற்கும் சிறுவன் கேள்வி கேட்டால், அவன் கையைப் பற்றி நடந்துவிடாமல், சற்று நின்று விடை கூறுவோமாக.