வீடு என்றால் என்ன என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மனிதர் குடியிருக்க என்னென்ன வேண்டும்? காற்று, தண்ணீர், சாப்பாடு, வெளிச்சம், ஒழுகாத கூரை, ஆபத்தில்லாத இடம். நமக்குத் தெரிந்த சங்கதிதான். புத்தி வளர்ச்சி மெதுவாக உள்ள நம்ம பிள்ளைகளுக்கு இதை எப்படி விளங்க வைப்பது என்றுதான் இன்று பேச வந்தோம்.

முதலில் நாங்கள் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறோம். பெரிய படம் ஒன்றை மாட்டி, "இது என்ன?" என்று கேட்டோம். ஓட்டு வீடு, முன்னால் பூந்தோட்டம். ஒரு பையன் "தொரை பங்களா" என்றான். "இல்லை, வீடு" என்று திருத்தினோம். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் "பங்களா" என்றான். அவன் சொன்னதில் என்ன பிழை? பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவும் இஸ்தோப்பும்தானே அவன் கண்ட வீடு!

படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு அவனுடைய லயத்துக்கே போனோம். பீலியில் கையை நனைத்து "தண்ணி" என்றோம். அடுப்புப் புகையில் அவன் இருமியபோது, அவனையே ஜன்னலைத் திறக்க வைத்து "காத்து" என்றோம். ஒரு கிழமைக்கு ஒரே விஷயம். தினமும் அதே இடம், அதே சொல். ஆத்திரப்பட்டால் ஒன்றும் நடக்காது. கொதித்தாறிய தண்ணீர்ப் பானைக்குச் சிவப்புத் துணி கட்டினோம். மூன்றாம் கிழமை அவனே தங்கச்சிக்கு அந்தப் பானையைக் காட்டினான்.

இன்னொன்று. பிஸ்கட் பெட்டியில் கதவு, ஜன்னல் வெட்டி, உள்ளே பொம்மையை வைத்து, மூடியை எடுத்துவிட்டுத் தண்ணீர் தெளித்தோம். பொம்மை நனைந்ததும் பிள்ளைகள் மூடியைத் தேடி ஓடினார்கள். கூரைக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. தரையிலும் சுவரிலும் புது வெடிப்பு, மரம் சாய்வது, புதிதாக ஊற்றுக் கிளம்புவது, ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்குவது, இதெல்லாம் பெரியவர்கள் பார்க்க வேண்டியது. பிள்ளைக்கு ஒரே பழக்கம் போதும்: தகரம் தட்டினால் வெளியே வந்து, சொல்லிவைத்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லிவைத்த இடத்துக்குப் போவது. மழையில்லாத நாளில் பழக்குங்கள். சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளியும் பிள்ளையும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு முதலில் மெதுவாகத் தட்டிக் காட்டுங்கள்.

சில பேர் இப்படியான பிள்ளையைக் காம்பராவில் விட்டு, வெளியே பூட்டிவிட்டு மலைக்குப் போகிறீர்கள். ஏசுவதற்காகச் சொல்லவில்லை. பெரட்டுக்குப் பிந்தினால் பேர் விழாது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் பூட்டின கதவுக்குள்ளே இருக்கும் பிள்ளை, தகரச் சத்தம் கேட்டு எங்கே போகும்? மடுவத்தில் விட முடியாவிட்டால் எங்களிடம் வாருங்கள். பக்கத்துக் காம்பராவில் ஓய்ந்திருக்கும் அம்மாயி, அப்பாயி யாரிடமாவது கேட்டுப் பார்ப்போம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வாருங்கள். ஆளுக்கொரு வெறும் பெட்டி கொண்டு வந்தால் போதும். பொம்மை இல்லாவிட்டால் பழைய துணியில் செய்துகொள்வோம்.