தேர்தலுக்கு வந்த வெளியார் பணம்
(சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



1959 மே 30 தேர்தலுக்கு முன் சிங்கப்பூரையே உலுக்கிய சங்கதியைச் சொல்லுகிறேன். பிப்ரவரியில் டாக்டர் தோ சின் சாய் மேடையேறி, லிம் இயூ ஹாக் கட்சிக்கு அமெரிக்கப் பணம் வந்ததென்று போட்டுடைத்தார். கல்வி மந்திரி சியூ சுவீ கீ பதவி விலகினார். விசாரணைக் கமிஷன் கூடியது. பல லட்சம் வெள்ளி! நியூயார்க் வங்கியொன்றின் சிங்கப்பூர்க் கிளையில் அவர் பெயரில் கிடந்தது. ஈப்போவில் வீடும் வாங்கியிருந்தார். பால்மரம் வெட்டுகிறவர் எத்தனை தலைமுறையில் அத்தொகையைக் காண்பார்?

அத்தேர்தலில்தான் வாக்களிப்பு முதன்முதலாகக் கட்டாயமாயிற்று. வாக்காளரை விலைபேசிக் காரில் ஏற்றிவரும் பிழைப்பு அடிபட்டது. மக்கள் செயல் கட்சி 51-இல் 43 இடம் பிடித்தது.

நானோ கிராணி, கணக்கில்தான் கண்போகும். நம் சங்கத் தேர்தலுக்கும் செலவுக்குத் தருகிறோமென்று வெளியார் வருவார்கள். ஞாயிறன்று சந்தாப் புத்தகம் மேசைமேல் திறந்திருக்கும். வந்து புரட்டுங்கள்.