நிவாரண வேலை தருமம் அல்ல, உரிமை!

வேலையில்லாதவனுக்கு சர்க்கார் வேலை கொடுத்தால், அதைத் தருமம் என்று சொல்லுகிறார்கள். அமெரிக்க நாட்டின் அனுபவம் என்ன சொல்லுகிறது? நாம் பார்ப்போம்.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1933-ல் உழைப்பாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. விற்காத கோதுமை மலைபோல் குவிந்து கிடந்தது. தொழிலாளி வீட்டில் ரொட்டி இல்லை! ஜனாதிபதி ஹூவரோ, மத்திய சர்க்கார் ஜனங்களுக்கு நேரடியாக நிவாரணம் கொடுக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றார்.

ஜனங்கள் கைகட்டி நின்றார்களா? இல்லை. 1930 மார்ச் 6-ந் தேதி, பல நகரங்களில் வேலையில்லாதோர் ஊர்வலம் நடத்தினார்கள். வாடகை பாக்கிக்காகத் தெருவில் எறியப்பட்ட சாமான்களைத் தூக்கி, மீண்டும் வீட்டுக்குள் வைத்தார்கள். 1932 மார்ச் 7-ந் தேதி, டியர்பார்ன் நகரில் போர்டு மோட்டார் ஆலையை நோக்கிப் பட்டினி ஊர்வலம் சென்றது. அன்று நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இதற்குப் பிறகுதான் ரூஸ்வெல்ட் சர்க்காரின் திட்டங்கள் வந்தன. 1933 குளிர்காலத்தில் 40 லட்சம் பேருக்கு மேல் வேலை கிடைத்தது. செலவு அதிகம் என்று 1934 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். 1935-ல் வேலை முன்னேற்ற நிர்வாகம் என்ற இலாகா வந்தது. 1943 வரை சுமார் 85 லட்சம் பேர் அதில் உழைத்தார்கள். 'மண்வெட்டியில் சாய்ந்து நிற்கும் சோம்பேறிகள்' என்று பணக்காரர்கள் ஏசினார்கள். அந்தச் 'சோம்பேறிகள்' போட்ட ரோடு 6 லட்சம் மைலுக்கு மேல்! பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பாலம் எல்லாம் கட்டினார்கள். 1937-ல் இந்தச் செலவைக் குறைத்ததும், வேலையில்லாத் திண்டாட்டம் மறுபடியும் ஏறியது.

விவசாயத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? 1933-ல் பருத்தி விலையை ஏற்ற, சுமார் 1 கோடி ஏக்கர் பயிரை உழுது அழிக்கச் சொன்னார்கள். நஷ்டஈடு பெரும்பாலும் நிலச்சுவான்தாருக்குப் போயிற்று. வாரக்குடிகள் பலர் வெளியேற்றப்பட்டார்கள். 1935-ல் வந்த ஓய்வூதிய, வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டத்தில் விவசாயத் தொழிலாளிக்கும் வீட்டு வேலைக்காரருக்கும் இடமில்லை. கறுப்பு இன உழைப்பாளிகளில் பெரும்பகுதியினர் செய்த வேலையே அவைதான்!

ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த சட்டம் வயல் வரப்போடு நின்றுவிட்டது. வாரக்குடிகள் வெளியேற்றப்பட்டதை எதிர்த்து 1934-லேயே ஆர்கன்ஸாஸ் மாகாணத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே சங்கமாகத் திரண்டார்கள்.

தோழர்களே! போராடியதால் வேலை கிடைத்தது. சங்கம் வலுவில்லாத இடத்தில் உழைப்பாளி கைவிடப்பட்டான். ஆகவே, ஆலையும் வயலும் ஒன்றாக நிற்கவேண்டும். இதுவே நாம் பெறும் படிப்பினை.