பிடித்து வைத்தால் பிள்ளையார்

(விநாயகர் சதுர்த்தி விழாவில் ஆற்றிய உரை)

 

பிடித்து வைத்தால் பிள்ளையார் என்பது நம் இல்லங்களில் வழங்கும் மொழி. சிற்பி வேண்டா, அச்சு வேண்டா. மஞ்சளோ மண்ணோ கைப்பிடியளவு எடுத்து விரலால் அழுத்தி வைத்தால் அதுவே மூர்த்தம். வழிபாட்டின் முதற்படியிலேயே நம் முன்னோர் ஒவ்வொருவர் கையையும் மண்ணில் பதிய வைத்தனர். அம்மண்ணைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

சக்கரமின்றிக் கையாலேயே வனைவதை எளிதென்று எண்ணிவிடலாகாது. உருண்டையில் பெருவிரலைப் புதைத்துச் சிறிது சிறிதாய்க் கிள்ளி விரிப்பது ஒரு முறை. திரிபோல் உருட்டி வட்டம் வட்டமாய் அடுக்கி இழைப்பது மற்றொரு முறை. தமிழகத்தில் புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களிலுள்ள ஐயனார் கோயில்களின் மண் குதிரைகளைக் கண்டோர் இங்கும் இருப்பீர்கள். களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து, முதலில் கால்களைச் செய்து நிறுத்துவர். மேல்வரும் பாரத்தைத் தாங்குமளவு அவை இறுகிய பின்னரே உடலைக் கட்டுவர். அவசரப்பட்டால் குதிரை படுத்துவிடும்! இவற்றைச் செய்யும் வேளார் பலர் அக்கோயில்களின் பூசாரிகளாகவும் விளங்குகின்றனர். மழை பெய்தமைக்கும் பிள்ளை பிழைத்தமைக்கும் ஊரார் செலுத்தும் நன்றியே குதிரையாக நிற்கின்றது. வாயாற் சொல்ல இயலாததை அவர்கள் மண்ணாற் சொன்னார்கள்.

இது நமக்கு மட்டும் உரியதன்று. கிளந்தான் மாநிலத்து மம்போங்கில் மலாய்ப் பெண்கள் சக்கரமின்றி மண்ணைத் தட்டித் தட்டியே பானை செய்து வந்துள்ளனர். பேராக்கின் லாபு சாயோங் குடுவையும் தொடக்கத்தில் கையால் வனையப்பட்டதே. நமக்கு மிக அருகில், கோலசிலாங்கூரின் கம்போங் குவாந்தானில், அகல் விளக்கும் பொங்கல் பானையும் செய்யும் தமிழ்க் குயவர்கள் உள்ளனர். நம்மில் எத்தனை பேர் அங்குச் சென்றிருக்கின்றோம்?

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரே செங்கற் சூளைகளால் வந்ததுதான். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்பு வீடுகளை அழித்தன. இனிச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுக என ரெசிடெண்டு பிராங்க் சுவெட்டன்ஹாம் பணித்தார். காப்பித்தான் யாப் ஆ லோய் அங்குச் செங்கல் தொழிலை வளர்த்தார். நகரையே எழுப்பிய மண் இன்று தாருக்கும் கான்கிரீட்டுக்கும் அடியில் கிடக்கின்றது. அடுக்குமாடியில் வளரும் நம் பிள்ளைகளின் கையில் களிமண் படுவதே அரிதாகிவிட்டது.

இந்நிலையில் சதுர்த்திக்கு நாம் வாங்குவது என்ன? பலவிடங்களில் பிளாஸ்டர் ஆப் பாரிசில் வார்த்து இரசாயன வண்ணம் பூசிய உருவங்கள். அவை நீரில் எளிதில் கரைவதில்லை. வண்ணங்களில் ஈயம் முதலிய நச்சு உலோகங்கள் இருக்கக்கூடும். இந்திய மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகளில் இவ்வகை உருவங்களைத் தவிர்த்து இயற்கை மண்ணையே பயன்படுத்தப் பணித்தது. கரையாத ஒன்றை ஆற்றிலோ கடலிலோ போட்டுவிட்டு அதனை விசர்ச்சனம் என்பது எங்ஙனம் பொருந்தும்?

மண்ணுக்கு இரண்டு கதிகள் உண்டு. ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் அதனுள் கட்டுண்ட நீர் நீங்கிவிடும், மீண்டும் சேறாகாது. ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகள் பல நூற்றாண்டுகள் நிலைத்தது அதனால்தான். சுடாத மண்ணோ நீர் பட்டதும் குழைந்து பழைய நிலைக்கே திரும்பும். ஆகவே விளக்கைச் சுடலாம். கரைக்க வேண்டிய பிள்ளையாரைச் சுடலாகாது. நம் பெரியோர் இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தனர்.

தன் கையாற் செய்த பிள்ளையாரைக் கரைக்கும் குழந்தை சிறிது அழக்கூடும். அழட்டும். கடையில் வாங்கிய பொம்மைக்கு எவரும் அழுவதில்லை. தும்பிக்கை கோணலாகவும் விரல்ரேகை தெரியும்படியும் இருப்பினும், அதில் அக்குழந்தையின் மனம் பதிந்துள்ளது. கோப்புகளையே புரட்டிப் பழகிய நம் விரல்களுக்கும் அந்த ஈரமண் ஓர் ஆறுதல்தான்.

செயலவையினரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த சதுர்த்திக்கு முந்தைய வாரம், கம்போங் குவாந்தான் குயவர்களிடம் பக்குவப்படுத்திய மண்ணை உரிய விலை கொடுத்து வாங்கி, நம் சமய வகுப்புப் பிள்ளைகளுக்கு வழங்குவோம். வண்ணம் வேண்டா, கண்ணுக்குக் குன்றிமணி போதும். பூசை முடிந்தபின் ஒரு வாளி நீரில் கரைத்து, அந்நீரை ஆலயத்து வேப்பமரத்தடியில் ஊற்றலாம்.