அனுப்பிய செய்தி தாயிடம் சேர்ந்ததா?

(எமது சங்கத்தின் நூற்றாண்டையொட்டி பல்லேகலயில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எமது வகுப்பினர் படித்த காலத்தில் பாடசாலையில் ஒரேயொரு தொலைபேசிதான் இருந்தது. அதுவும் அதிபரின் அறையில். அது ஒலித்தால் யார் வீட்டில் என்ன நடந்ததோ என்று பயப்படுவோம். இன்று இந்த மண்டபத்தில் ஆளுக்கொரு கைத்தொலைபேசி, சிலரிடம் இரண்டு. வசதி குறைந்த குடும்பங்களில் கர்ப்பிணித் தாய்மாரைக் காக்க இந்தக் கருவி உதவுமா? வைத்தியத் துறையில் இருக்கும் நாங்கள் அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

1930களில் நமது நாட்டில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அது 30 அளவில் உள்ளது. இதைக் கணினி செய்யவில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவும், அதன் வழியில் நாடெங்கும் வீடு வீடாக நடந்த மருத்துவிச்சிகளும், இலவச வைத்தியமும், பெண் கல்வியும் சேர்ந்து செய்தவை. அதுவும் ஒரு நூற்றாண்டுக் கதைதான். இன்றும் எமது குடும்பநல உத்தியோகத்தர் கையில் பதிவேட்டோடு படியேறி வருகிறார். அவரது கையில் தொலைபேசியும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எம்மால் மறக்க முடியாத ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறோம். தோட்டத்து லயமொன்றிலிருந்து வந்தவர், இரண்டாவது கர்ப்பம், எட்டாம் மாதம். கிளினிக்கில் பிரஷர் சற்றே உயர்ந்திருந்தது. இரத்தப் பரிசோதனைக்கு எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினோம். மறுநாள் வந்த முடிவு நன்றாக இல்லை. “உடனே ஆஸ்பத்திரிக்கு வரவும்” என்று குறுஞ்செய்தி போனது. அந்தத் தொலைபேசி கொழும்பில் வேலை செய்த கணவரிடம் இருந்தது. செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. ரீலோட் விளம்பரம் என்று நினைத்து அவர் அதைத் திறக்கவேயில்லை.

மூன்றாம் நாள் வலிப்போடு அவரைத் தூக்கி வந்தார்கள். தாய் பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை. எமது பதிவில் “அனுப்பப்பட்டது” என்றிருந்தது. சேர்ந்ததா என்பதற்கு அங்கே இடமே இல்லை. அந்த எண் யாருடையது என்று எங்களில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. சில வாரம் கழித்து, பிள்ளைக்குத் தடுப்பூசி போட வரும்படி அதே எண்ணுக்கு இன்னொரு செய்தி போயிருந்தது. அந்தச் செய்தியைக் கணவர் யாரிடமோ கேட்டு வாசித்தாராம்.

அதன் பின்னர் நாங்கள் முதல் கிளினிக்கிலேயே நான்கு கேள்விகள் கேட்கிறோம். இந்தத் தொலைபேசி யாருடையது? பகலில் யார் கையில் இருக்கும்? உங்களுக்கு எந்த மொழி வாசிக்க வரும்? அவசரத்துக்கு அடுத்த எண் எது? பதிலைக் கார்டின் முன்பக்கத்திலேயே எழுதுகிறோம். பரிசோதனை முடிவு மோசமானால் செய்தியோடு நிற்பதில்லை. அழைத்துப் பேசி, சொன்னதைத் தாயின் வாயாலேயே திரும்பச் சொல்ல வைக்கிறோம். ஆள் கிடைக்காவிட்டால் குடும்பநல உத்தியோகத்தருக்கோ பிள்ளை மடுவத்துக்கோ தகவல் போகும். பிள்ளை இழந்த வீட்டுக்குச் செய்திகள் போகாமல் அன்றே நிறுத்துவதற்கும் ஒருவர் பொறுப்பு. இவை எவற்றுக்கும் புதிய செயலி தேவைப்படவில்லை.

வெளிநாடுகளிலும் இதே பாடந்தான். இந்தியாவின் ‘கில்காரி’ திட்டம் எழுத்தை நம்பாமல், கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்து பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை 72 ஒலி அழைப்புகளை அனுப்புகிறது. 2014இல் தொடங்கிய தென்னாபிரிக்காவின் ‘மொம்கனெக்ட்’, அந்நாட்டின் அப்போதைய 11 உத்தியோகபூர்வ மொழிகளில் செய்தி அனுப்பியது. தாயின் மொழியில், தாய்க்கு வசதியான நேரத்தில் பேசுவதுதான் இதில் முக்கியம். இங்கே பல்லேகலப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பிள்ளைகளில் சிலர் வேலை நேரத்தில் தொலைபேசியைத் தொட முடியாது. அவர்களுக்குக் காலை பத்து மணிக்குச் செய்தி அனுப்பி என்ன பயன்?

எனவே சகோதரிகளே, உங்களிடம் பணம் கேட்டு நாங்கள் வரவில்லை. உங்கள் குரலைக் கேட்டு வந்திருக்கிறோம். கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், இரத்தப்போக்கு, நீர் வெளியேறல், பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் புறப்பட வேண்டும் என்பதை, ஒரு நிமிடத்துக்குள், லயத்திலும் கிராமத்திலும் பேசும் தமிழிலும் சிங்களத்திலும் பதிவுசெய்து தாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியைகளே, எமது வைத்தியத் தமிழைத் திருத்தித் தாருங்கள். அது எங்களுக்கே சில வேளை விளங்குவதில்லை. தொழிற்சாலைகளில் பொறுப்பில் இருப்பவர்கள், கர்ப்பிணி ஒருவருக்குக் கிளினிக்கிலிருந்து அழைப்பு வந்தால் அவரை அழைத்துப் பேச விடுங்கள்.

1990 என்ற எண்ணையும் பக்கத்து வீடுகளுக்குச் சொல்லுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த இலவச ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை பின்னர் ஒன்பது மாகாணங்களுக்கும் வந்துவிட்டது. அழைத்தால் காசு கேட்பார்கள் என்று பயந்து முச்சக்கர வண்டி தேடிய குடும்பங்களை நாங்கள் இன்னும் பார்க்கிறோம்.

அந்தத் தாய் பின்னர் மறுபடியும் கர்ப்பமாகி எமது கிளினிக்குக்கு வந்தார். கேட்பதற்கு முன்னரே கார்டை நீட்டி, “மிஸ், இந்தத் தடவை நம்பர் என்னோடது” என்றார். ஆரோக்கியமான பெண் குழந்தை பிறந்தது. அவளும் ஒரு நாள் ஏதாவதொரு பாடசாலையில் படிப்பாள். அது எமது பாடசாலையாக இருந்தால் மகிழ்வோம்.